தண்ணிப் பைப்புக்கு இந்தப் பக்கம் திருகோணமலை

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அது பதிலாக இருந்திராது, ஏச்சாகத்தான் இருந்திருக்கும். அதனால்தான் "அடுப்பில சோறு கிடக்கு" என்று பொய் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அடுப்பில் ஒன்றும் கிடக்கவில்லை. குசினிக் கதிரையில் இருந்துகொண்டு உன்னை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். திட்டி முடிந்த பிறகு நீ சொன்னதைத் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்தேன். "அம்மா, உங்களுக்கு அது ஊர். எனக்கு அது வெறும் பேருதானேம்மா. ஒரு பேரை நம்பி எப்படி வேலையை விட்டுட்டு, மாசமா இருக்கிறவளைக் கூட்டிட்டு வர்றது?" இதுதான் நீ கேட்டது. கேள்வி நியாயமானது, அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

போனில் நீ குறுக்கே பேசுவாய், நானும் குறுக்கே பேசுவேன், நடுவில் ஜெனி போனை வாங்கி "மாமி, சாப்பிட்டீங்களோ?" என்று கதையை மாற்றிவிடுவாள். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. இதை எங்கள் வாசிகசாலை வெளியிடப் போகிற மலருக்கும் கொடுக்கப் போகிறேன். இந்தியாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் யாராவது எழுதித் தாருங்கள் என்று பெடியன்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். உனக்குக் கோபம் வரும், வரட்டும். முகாமில் பிறந்து உன்னைப் போலவே யோசிக்கிற பிள்ளைகள் அங்கே நிறையப் பேர், அவர்களை நினைத்துக்கொண்டு இருக்கிற தாய்மார் இங்கே நிறையப் பேர். மலரை வாசிக்கிறவர்களுக்காக எங்கள் கதையையும் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறில் நானும் உன் அப்பாவும் திருகோணமலையை விட்டு ஓடி, மன்னார்க் கரையிலிருந்து படகேறி இந்தியா போனோம். நீ அங்கே அகதி முகாமில் பிறந்தாய். உன் அப்பா அங்கேயே போய்ச் சேர்ந்தார். சண்டை முடிந்து சில வருடங்களில் நான் தனியாகத் திரும்பி வந்தேன். நீ படிப்புக்காக நின்றாய், பிறகு வேலைக்காக நின்றாய், பிறகு ஜெனிக்காக நின்றாய். இப்போது அவளுக்குப் பிள்ளை கிடைக்கப் போகிறது. இன்னும் கொஞ்ச நாள் போனால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதற்கு முதல் வந்தால் என் பேரப்பிள்ளை இங்கே பிறக்கும். வராவிட்டால் உன்னைப் போலவே அதுவும் முகாமில் அகதியாய்ப் பிறக்கும். ஜெனி வரவேண்டும் என்கிறாள். நீதான் இழுக்கிறாய்.

சரி, அந்த வெறும் பெயரைப் பற்றிக் கதைப்போம். நாங்கள் லொறியில் போய் அந்த முகாமில் இறங்கிய அன்று அங்கே வரிசையாகத் தகரக் கொட்டகைகளும் நடுவில் ஒரு தண்ணீர்ப் பைப்பும் மட்டும்தான் நின்றன. ஆட்களைப் பிரித்துவிட வந்த அதிகாரிக்கு எங்கள் ஊர்களைப் பற்றி என்ன தெரியும்? கையிலிருந்த கடதாசியைப் பார்த்து, "திருகோணமலைக்காரங்க எல்லாம் பைப்புக்கு இந்தப் பக்கம் நில்லுங்க! மன்னார் அந்தப் பக்கம்!" என்று கத்தினார். நாங்கள் மூட்டை முடிச்சுகளோடு இந்தப் பக்கம் வந்து நின்றோம். மட்டக்களப்பு கக்கூசுக்குப் பின்னால் போனது. யாழ்ப்பாணம் வழக்கம்போல வாசலுக்குப் பக்கத்தில் நல்ல இடமாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டது. அன்று மாலையே உன் அப்பா கூரைக்குப் பூசி மிஞ்சின தாரை எடுத்து, எங்கள் முதல் கொட்டகைத் தகரத்தில் கொட்டை எழுத்தில் ஊர்ப் பெயரை எழுதினார். யாரும் எழுதச் சொல்லவில்லை. "ஏனப்பா இந்த வேலை? இன்னும் ரெண்டு மாதத்தில திரும்பிப் போயிடுவம்தானே" என்றேன். "போற வரைக்கும் இருக்கட்டுமே" என்றார். மழைக்கு மங்கினால் மறுபடி எழுதுவார். அப்படி எத்தனை தரம் எழுதினார் என்று எனக்குத் தெரியாது.

அந்தப் பெயர் அங்கே நன்றாக உழைத்தது. அரிசி வந்தால் "திருகோணமலை லைன் வாங்க" என்று கூப்பிடுவார்கள். அதிகாரிகள் வந்து தலை எண்ணுகிற செக்கிங் நாளிலும் அப்படித்தான். அக்கம் பக்கத்துக் கிராமத்துச் சனம் என் சொந்தப் பெயரைக் கேட்கவே இல்லை. கீரைக்காரி வாசலில் வந்து நின்று, "திருகோணமலை, இன்னைக்கு முருங்கை வேணுமா?" என்பாள். எத்தனையோ அரசர்கள் சண்டை பிடித்த ஒரு பழைய நகரத்தின் பெயரைச் சுமந்துகொண்டு நான் முருங்கைக்கீரை ஆய்ந்தேன். திருமலை என்று சுருக்கிச் சொன்னால் இன்னும் மோசம், திருப்பதி என்று நினைத்துக்கொண்டு லட்டு கொண்டு வரவில்லையா என்று கேட்பார்கள். உன் அப்பா ஓடி வருவதற்கு முதல் துறைமுகத்தில் பாரம் இறக்கின மனிசன். முகாமுக்குத் தண்ணீர் லொறி வளைவில் திரும்புகிறபோது பழைய பழக்கத்தில் "கப்பல் வருது!" என்று சத்தம் போடுவார். பிறகு எங்கள் லைன் பிள்ளைகள் எல்லாரும் அப்படியே கத்தப் பழகிக்கொண்டீர்கள். மன்னார் லைன் பிள்ளைகள் மட்டும் "லொறி வருது" என்று கத்துவார்கள். ஜெனி அப்படிக் கத்தியிருப்பாள், கேட்டுப் பார்.

நீ சின்ன வகுப்பில் படிக்கும்போது டீச்சர் உன் சொந்த ஊரை வரைந்து வரச் சொன்னா. நீ கொப்பியின் நடுவில் பெரிதாக ஒரு பைப் வரைந்தாய். பைப்புக்கு இந்தப் பக்கம் திருகோணமலை, அந்தப் பக்கம் மன்னார். பின்னால் மட்டக்களப்பு. வாசலில் யாழ்ப்பாணம், அதற்குப் பக்கத்தில் செக்கிங்காரர் இருக்கும் மேசை. டீச்சர் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு, இலங்கைப் படத்தைப் பார்த்து வரையச் சொல்லி அனுப்பிவிட்டா. நீ மூக்கைச் சிந்திக்கொண்டு வந்து நின்றாய். "அப்பா, டீச்சர் பிழை எண்டு போட்டிட்டா." உன் அப்பா கொப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ஏதோ பெரிய எஞ்சினியர் மாதிரி. "பிழையில்லை ராசா. எல்லாம் சரியாத்தான் இருக்கு. அளவுதான் கொஞ்சம் சின்னனாப் போச்சு" என்றார். நான் முதலில் சிரித்தேன். பிறகு தண்ணீர் எடுக்கப் போகிறேன் என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய், பைப்படியில் நின்று அழுதேன். என் பிள்ளைக்கு ஊர் என்பது இவ்வளவுதானா என்ற துக்கம் எனக்கு. அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன்.

இப்போது அப்படி நினைக்கவில்லை. வெறும் பெயர் என்று நீ சொல்கிறாயே, அந்தப் பெயருக்குள் நீ தவழ்ந்தாய், நடந்தாய், விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டாய். திருகோணமலை என்றால் உனக்கு எந்தக் கொட்டகையில் யார் என்று தெரியும், எந்த வீட்டுப் பால்மா டின்னில் சீனி இருக்கும் என்றும் தெரியும். நீ ஜெனியை முதன்முதலில் கண்டதே திருகோணமலைக்கும் மன்னாருக்கும் நடுவில், குடத்தோடு வரிசையில் நின்றபோதுதான். அவள் உன்னை முந்திக் குடத்தை வைத்ததற்கு நீ என்னிடம் வந்து முறையிட்டாய். "மன்னார்க்காரர் சரியான மோசம் அம்மா" என்றாய். ஊர்ப் பக்கம் எடுக்கிற குணம் வெறும் பெயருக்கு வராது தம்பி.

நான் உன்னைக் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டு வந்ததை நீ இன்னும் மறக்கவில்லை, எனக்குத் தெரியும். அதற்காக மன்னிப்பெல்லாம் கேட்கமாட்டேன். இங்கே பாலையூற்றில் கிடந்த எங்கள் காணியில் மரம் முளைத்து வீட்டுச் சுவரைப் பிளந்துகொண்டு நின்றது. உரிமை சொல்ல ஆள் இல்லாத காணிக்கு என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். நீ வந்தால் படிப்புப் போகும், நான் வராவிட்டால் காணி போகும். ஆகவே நான் வந்தேன். ஆனால் வந்து இறங்கியபோது நடந்த ஒரு கூத்தை உனக்கு நான் சொன்னதே இல்லை, வெட்கத்தில். சந்தையில் மரக்கறிக்காரனிடம் "தம்பி, முட்டைக்கோஸ் என்ன விலை?" என்று கேட்டேன். அவன் விழித்துவிட்டு, "கோவாவோ அக்கா?" என்றான். விலையைச் சொன்னான். "என்ன தம்பி அநியாயம், எங்கட ஊரில இதில அரைவாசி விலைதானே!" என்றேன். "எது அக்கா உங்கட ஊர்?" என்று கேட்டான். நான் யோசிக்காமல், வாயில் வந்தபடி, "திருகோணமலை லைன்" என்றேன்.

அவன் தராசைக் கீழே வைத்துவிட்டான். "அக்கா, நீங்கள் நிக்கிறதுதான் திருகோணமலை" என்றான், மெதுவாக, சுகமில்லாத ஆளோடு கதைப்பது போல. பக்கத்துக் கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் பிறந்து வளர்ந்த ஊரின் சந்தை நடுவில் நின்றுகொண்டு, என் ஊர் எங்கோ தூரத்தில் தமிழ்நாட்டில் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்! அந்தக் கோவாவை அவன் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். அன்றிலிருந்து சந்தையில் எனக்குப் பெயர் இந்தியா அக்கா. அங்கே இருபது வருடத்துக்கு மேல் திருகோணமலை, இங்கே இந்தியா. முதலில் கோபம் கோபமாக வந்தது. "நான் இந்த ஊரில பிறந்தனான்" என்று வாயாடிக்கொண்டு திரிந்தேன். பிறகு ஒருநாள் அதே மரக்கறிக்காரன் நல்ல கோவா ஒன்றை ஒதுக்கி வைத்துவிட்டு, "இந்தியா அக்காக்கு எடுத்து வச்சனான்" என்று கொடுத்தான். எடுத்து வைப்பதற்கு ஒரு பெயர் வேண்டியிருக்கிறது, எந்தப் பெயராக இருந்தால் என்ன என்று அதோடு விட்டுவிட்டேன்.

இப்போது நானும் பரீதாவும் சேர்ந்து நடத்துகிற சாப்பாட்டுக்கடை உனக்குப் படத்தில் தெரியும். மூதூரிலிருந்து காலை பஸ்ஸில் வருகிற பரீதாவுக்கும் எனக்கும் ஒத்துப்போகாத விஷயம் குழம்புக்கு, அவள் சொல்கிற ஆணத்துக்கு, எவ்வளவு புளி விடுவது என்பது ஒன்றுதான். இறங்குதுறைக்குப் போகிற வழி என்பதால் வெள்ளைக்காரரைக் கூட்டிக்கொண்டு திரிகிற வழிகாட்டிப் பெடியன்கள் எங்களிடம்தான் இடியப்பம் சாப்பிட வருவார்கள். ஒருநாள் அவர்களுக்குள் பெரிய சண்டை. "மூண்டு மூலை உள்ள மலை, அதுதான் திரிகோணம். நான் எல்லா வெள்ளைக்காரருக்கும் அப்பிடித்தான் சொல்லுறனான்" என்றான் ஒருவன். "விசர்க்கதை கதையாதை. கோணேசர் இருக்கிறதாலதான் கோணமலை" என்றான் மற்றவன். சேருவிலப் பக்கத்துச் சிங்களப் பெடியன் ஒருவன், நன்றாகத் தமிழ் கதைப்பான், "எங்கட பழைய புத்தகத்தில கோகர்ண எண்டு இருக்கு. பசுவிட காது எண்டு அர்த்தம்" என்றான். சத்தம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் பரீதாவிடம் நியாயம் கேட்டார்கள். அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே, "எனக்கு இதெல்லாம் தெரியாது. எங்கட வாப்பா காலத்தில இருந்து நாங்க டவுன் எண்டுதான் சொல்ற. டவுனுக்குப் போற, டவுனால வாற. சாப்பிட்டாச்செண்டா எழும்புங்க, ஆக்கள் நிக்குது" என்றாள். எல்லாரும் சிரித்துக்கொண்டு எழும்பினார்கள். இந்த ஊரில் தெருவெல்லாம் மாடு மாதிரித் திரிகிற மான்களில் ஒன்று பின்பக்கத்தால் வந்து எச்சில் இலையைத் தின்றுகொண்டு நின்றது, அதற்கு அவர்கள் சண்டையில் அக்கறை இல்லை.

அந்தச் சண்டையைக் கேட்டபிறகு எனக்குக் காய்ச்சல் மாதிரி இந்தப் பெயரைப் பற்றி யோசிக்கிற வருத்தம் பிடித்துவிட்டது. போர்த்துக்கேயன், ஒல்லாந்தன், பிரெஞ்சுக்காரன், வெள்ளைக்காரன் என்று வந்தவன் எல்லாம் கோட்டையைப் பிடித்தான், தன் தன் நாக்கு வளைகிறபடி பெயரையும் வளைத்தான். ஊர் எல்லாப் பெயருக்கும் திரும்பிப் பார்த்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தது. கண்டியில் திருகோணமலை வீதி இருக்கிறது. மாத்தளையிலும் இருக்கிறது. மட்டக்களப்பில் திருமலை வீதி. எங்கள் ஊரில் அந்தப் பெயரில் ஒரு வீதியைத் தேடிப் பார்த்தேன், என் கண்ணில் ஒன்றும் படவில்லை. இங்கே இருப்பது கண்டி வீதியும் நிலாவெளி வீதியும்தான். போகிற இடத்தின் பெயரைத்தானே வீதிக்கு வைப்பார்கள். ஊருக்குள் இருக்கிறவனுக்கு ஊரின் பெயர் பெரிதாகத் தேவைப்படுவதில்லை, வெளியே நிற்கிறவனுக்குத்தான் அது வேண்டும். நாங்கள் அங்கே ஒரு நாளைக்கு எத்தனை தரம் அந்தப் பெயரைச் சொன்னோம் என்று நினைத்துப் பார். இங்கே வந்து நான் கிழமைக்கு ஒரு தரம் சொன்னால் பெரிய காரியம்.

உன் மாமாவின் மகள் லண்டனிலிருந்து ஒரு படம் அனுப்பினாள். இங்கிலாந்தில் ஏதோ ஒரு துறைமுகத்தில் பழைய பாய்மரக் கப்பல் ஒன்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்களாம், அதற்கு எங்கள் ஊர்ப் பெயர். கப்பலைக் கட்டியது இங்கே இல்லை, பம்பாயில், இந்தியத் தேக்கில். பார்த்தவுடன் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. நீயும் இந்தியாவில் செய்த சரக்கு, பெயர் மட்டும் இந்த ஊர். சிரிக்காதே, இன்னும் இருக்கிறது. நடுவில் பல வருடம் அந்தக் கப்பலுக்கு வேறு பெயர் வைத்திருந்தார்களாம். பழுதுபார்க்கத் தொடங்கிய பிறகு, பழைய பெயரையே திரும்ப எழுதினார்களாம். யாரோ ஒருவருக்கு அந்தப் பெயர் வேண்டும் என்று தோன்றியிருக்கிறது, தூரிகையை எடுத்திருக்கிறார். அந்த ஆள் இந்த ஊரைக் கண்ணால் கண்டிருக்கவேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. பரீதாவிடம் படத்தைக் காட்டினேன். "இவ்வளவு பெரிய கப்பலுக்கு டவுன் எண்டு பேர் வச்சா நல்லா இருக்காதுதான்" என்று ஒத்துக்கொண்டாள்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நான் உன்னை ஒரு பெயருக்காக வரச் சொல்லவில்லை. அதற்காக மட்டும் வருவதாக இருந்தால் வராதே. வந்த முதல் மாதமே உனக்கு ஏமாற்றமாகப் போய்விடும். நீ வாயைத் திறந்தவுடன் உன்னை இந்தியாக்காரன் என்பார்கள். பொறியியல் படித்த நீ அங்கே ஏ.சி. பொருத்துகிறாய், அகதி என்றபடியால் அதற்கு மேல் விடவில்லை. இங்கேயும் முதலில் ஏ.சி.தான் பொருத்தவேண்டி வரும், நிலாவெளி ஹொட்டேல்களில். பரீதாவின் தம்பி மகன் அங்கேதான் நிற்கிறான். "வரச் சொல்லுங்க மாமி, ஆள் இல்லாம கொழும்பில இருந்து கூப்பிடுறாங்க" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டான். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. இங்கே ஒரு நாள் நீ உன் சொந்தக் கடையைத் திறக்கலாம், உன் பெயரில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கலாம், செக்கிங் நாள் என்று வேலையை விட்டுவிட்டு ஓடத் தேவையில்லை. இரவு வீட்டுக்கு வரப் பிந்தினால் கேட்பதற்கு ஜெனியும் நானும் மட்டும்தான் இருப்போம், அது செக்கிங்கை விடக் கடுமையாக இருக்கும் என்பது வேறு கதை.

அப்பாவை அங்கே விட்டுவிட்டு எப்படி வருவது என்றும் கேட்டாய். உன் அப்பா ஒரு இடத்தில் சும்மா இருந்த மனிசனா? அவர் போய்ச் சேர்ந்த கிழமைகூட எழும்பி உட்கார்ந்து, கொட்டகைத் தகரத்தில் எழுத்து மங்கிவிட்டது, தாரை எடு என்று கேட்டவர். சுடலையில் அவரைத் தேடாதே. நீ ஏதாவது ஒன்றைப் பிழையாகச் செய்துவிட்டு "எல்லாம் சரிதான், அளவுதான் சின்னன்" என்று சமாளிக்கிறாயே, அங்கே இருக்கிறார் அவர். எனக்கு அவரை நினைத்து அழ வேண்டும் என்றால் எந்த ஊரிலும் அழ முடிகிறது, அது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒரே ஒரு புத்தி சொல்கிறேன், அதைக் கேள். ஜெனி சொல்வதைக் காது கொடுத்துக் கேள். அவளுக்கு இந்த ஊரோடு ஒரு தொடர்பும் இல்லை. அவளுடைய தாய் தகப்பன் மன்னார். போன கிழமை நீ வேலைக்குப் போன பிறகு அவள் தனியாக எனக்குப் போன் எடுத்தாள். "மாமி, எனக்கு மன்னாரும் தெரியாது, திருகோணமலையும் தெரியாது. எந்த ஊரெண்டாலும் பரவாயில்லை. என்ர பிள்ளையை யாரும் வரிசையில விட்டு எண்ணக்கூடாது, அவ்வளவுதான்" என்றாள். நான் இத்தனை பக்கத்தில் எழுதுகிறதை அவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள். உனக்குச் சொன்னால் நீ வருத்தப்படுவாய் என்று உன்னிடம் சொல்லவில்லையாம். சொல்லாதே என்று என்னிடமும் சொன்னாள். நான் மலரிலேயே எழுதிவிட்டேன், அவள் என்னைக் கொல்லப் போகிறாள்.

உங்களுக்கென்று ஒரு அறை கட்டி முடித்திருக்கிறேன். சுவருக்கு இன்னும் நிறம் பூசவில்லை, நிறத்தை ஜெனி தெரிந்தெடுக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். யன்னலைத் திறந்தால் கடல் தெரியும் என்றெல்லாம் ஆசை காட்டமாட்டேன், பக்கத்து வீட்டுக்காரியின் உடுப்புக் கொடிதான் தெரியும். உன் குடியுரிமை அலுவலுக்கு என்ன என்ன கடதாசி வேண்டும் என்று நானே அலைந்து கேட்டு வைத்திருக்கிறேன். குடியுரிமைக் கந்தோரில் வேலை செய்கிற பிள்ளை பொறுமையாக விளங்கப்படுத்தினா. கஷ்டம் இல்லை என்று சொல்லமாட்டேன், நாள் எடுக்கும், ஆனால் நடக்கும். திரும்பி வந்த எத்தனையோ பேருக்கு நடந்திருக்கிறது. பெரியாஸ்பத்திரியில் பிள்ளைப்பேறு வார்டில் பரீதாவின் மச்சாள் வேலை செய்கிறா, அங்கேயும் சொல்லி வைத்தாயிற்று.

நீ வராவிட்டால் நான் கோபப்படுவேன், பொய் சொல்லவில்லை. ஒரு மாதம் சரியாகக் கதைக்கமாட்டேன். ஆனால் பிள்ளை பிறக்கிற நேரத்தில் ஜெனிக்குப் பக்கத்தில் யார் நிற்பது? அவளுக்குத் தாயும் இல்லை. அதனால் நேற்றுக் கடையைப் பரீதாவிடம் விட்டுவிட்டு ஸ்ரூடியோவுக்குப் போய் பாஸ்போட்டுக்குப் படம் எடுத்தேன். காது தெரியவேண்டும் என்று அந்தப் பெடியன் என் தலைமயிரைப் பின்னால் தள்ளித் தள்ளி விட்டான், சிரிக்கக்கூடாது என்றும் சொன்னான். அங்கேயிருந்து திரும்பி வந்த எனக்கு விசா தருவார்களா, தந்தால் எத்தனை நாளைக்கு, இந்த வீட்டையும் கடையையும் திரும்ப யார் பார்ப்பது, ஒன்றும் எனக்குத் தெரியாது. இந்த ஊருக்கு வர எனக்கு அவ்வளவு காலம் எடுத்தது, ஆனாலும் திரும்பவும் விட்டுவிட்டு வருவேன். நீ ஜெனியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டால் அந்தப் படம் வீண். அது வீணாய்ப் போகவேண்டும் என்றுதான் காலையிலும் மாலையிலும் கும்பிடுகிறேன். டிக்கெட் எடுத்தால் உடனே சொல்லு, சுவருக்குப் பூச நிறம் வாங்கவேண்டும்.

அம்மா